‘டீகப் யார்க்கி’ என்று ஓர் இனமே இல்லை! யார்க்ஷயர் டெரியர் வாங்கும் முன் இதைப் படிங்க

இன்ஸ்டாகிராமில் நாய்க்குட்டி விற்கும் பக்கங்களைக் கொஞ்ச நேரம் ஸ்க்ரோல் செய்தால் இந்த வீடியோ கண்ணில் படாமல் போகாது. காபி கப்புக்குள் ஒரு நாய்க்குட்டி. தலையில் குட்டி ரிப்பன், கறுப்பு பட்டன் மாதிரி கண்கள். கீழே ‘டீகப் யார்க்கி, வளர்ந்தாலும் ஒரு கிலோதான், ஃபிளாட்டுக்கு பெஸ்ட், விலைக்கு டிஎம் பண்ணவும்’ என்று கேப்ஷன். கமென்ட் முழுக்க ஹார்ட் எமோஜி.

கியூட்தான், மறுக்க முடியாது. ஆனால், ‘டீகப்’ என்ற பெயரில் ஓர் இனத்தையோ, உட்பிரிவையோ பெரிய கென்னல் கிளப்புகள் எதுவும் அங்கீகரிக்கவில்லை. அது விற்பனைக்காக வைத்த பெயர். உண்மையான இனத்தின் பெயர் யார்க்ஷயர் டெரியர், செல்லமாக யார்க்கி. இந்த நாய் எதற்காக உருவானது என்று தெரிந்தால், அதைக் கப்புக்குள் அடைப்பதில் என்ன பிரச்னை என்பதும் புரிந்துவிடும்.

பஞ்சாலை, எலி, கூலித் தொழிலாளி

‘டெரியர்’ என்ற சொல்லின் வேர் ‘மண்’ என்று பொருள்படும் லத்தீன் சொல். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் எலி, நரி போன்றவற்றை விரட்டிப் பிடிப்பதுதான் டெரியர்களின் வேலை. யார்க்கியும் அந்தக் குடும்பம்தான்.

19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி. தொழிற்புரட்சியால் வடக்கு இங்கிலாந்தின் யார்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளில் ஆலைகள் பெருகின. ஸ்காட்லாந்தில் கைத்தறி நெய்து பிழைத்தவர்கள், மெஷின் வந்ததும் வேலை தேடி இந்த ஆலை ஊர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். வரும்போது தங்கள் சின்ன டெரியர்களையும் கூட்டி வந்தார்கள். அவை உள்ளூர் டெரியர்களோடு கலந்து, சில பத்தாண்டுகளில் புது வகை நாய் ஒன்று உருவானது. அப்போது பெரிதாகப் பதிவேடு எதுவும் இல்லை. அதனால் எந்த எந்த இனம் எவ்வளவு கலந்தது என்று இன்றுவரை விவாதம் ஓடுகிறது. ஸ்கை டெரியர், பெய்ஸ்லி டெரியர், வாட்டர்சைடு டெரியர் என்ற பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

ஆலையிலும் சுரங்கத்திலும் எலி பிடிக்க ஆள் வேண்டும். பெரிய நாயை வளர்க்கத் தொழிலாளி வீட்டில் இடமும் இல்லை, சோறும் இல்லை. சின்னதாக, வேகமாக, பயமே இல்லாமல் பாயும் நாய்தான் தேவை. வார இறுதியில் இன்னொரு ‘வேலை’யும் இருந்தது. ஒரு குழிக்குள் எலிகளை விட்டு, எந்த நாய் சீக்கிரம் கொல்கிறது என்று பந்தயம் கட்டுவார்கள். 1835-ல் காளைகளையும் கரடிகளையும் நாய்களோடு மோதவிடும் விளையாட்டுகளுக்கு இங்கிலாந்தில் சட்டம் தடை போட்டது. எலிகளுக்காகப் பேச யாரும் இல்லை. அந்தச் சூதாட்டம் செழித்தது.

இன்று ரிப்பன் கட்டி மடியில் உட்கார்ந்திருக்கும் நாயின் முப்பாட்டன் பார்த்த உத்தியோகம் இதுதான்!

‘பென்’ என்ற மூதாதை

இந்த இனத்தின் ‘தந்தை’ என்று சொல்லப்படும் நாய்க்குப் பெயர் ஹடர்ஸ்ஃபீல்டு பென். 1865-ல் பிறந்தது. பிராட்ஃபோர்டைச் சேர்ந்த மேரி ஆன் ஃபாஸ்டர் என்ற பெண்மணி அதை வளர்த்து, நாய்க் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோனார். எழுபதுக்கும் மேற்பட்ட பரிசுகள். எலி பிடிக்கும் போட்டிகளிலும் பென் கலந்துகொண்டது. 1871-ல் ஒரு குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தபோது அதற்கு ஆறு வயதுதான். ஆனால், அதற்குள் ஏகப்பட்ட குட்டிகளுக்குத் தகப்பனாகிவிட்டது. இன்றைய யார்க்கிகளின் வம்சாவளியைத் தேடிப்போனால் பெரும்பாலும் பென்னில் போய் நிற்கும்.

பென்னைப் பற்றிய இரண்டு தகவல்கள் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். ஒன்று, அதன் எடை நாலு கிலோவுக்கு மேல். இன்று பிரிட்டனின் கென்னல் கிளப் யார்க்கிக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 3.2 கிலோ. அதாவது, இந்த இனத்தை உருவாக்கிய நாயே இன்றைய கண்காட்சிக்குப் போனால் ‘ஓவர் வெயிட்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்! இன்னொன்று, பென் நெருங்கிய ரத்த உறவுக்குள் நடந்த இனச்சேர்க்கையில் பிறந்தது. சின்ன உடம்பு, பட்டு முடி போன்ற குணங்கள் மாறாமல் வர வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் இப்படித்தான் செய்தார்கள். நல்ல குணங்கள் நிலைப்பது போலவே, மரபணுக் குறைகளும் இதில் நிலைத்துவிடும்.

‘யார்க்ஷயர் டெரியர்’ என்ற பெயர் 1870 வாக்கில்தான் வந்தது. அதுவரை ‘ஸ்காட்ச் டெரியர்’ என்றே அழைத்துக்கொண்டிருந்தார்கள். ‘ஸ்காட்லாந்திலிருந்து வந்த நாய் யார்க்ஷயரில் இவ்வளவு மாறிவிட்டது, இனி அந்த ஊர்ப் பெயரையே வைக்கலாம்’ என்று அந்தக் காலத்துப் பத்திரிகையாளர் ஒருவர் எழுதியதாகச் சொல்வார்கள். (நம்ம ஆளுங்க எழுதினதும் சில நேரம் நடக்கும்!)

பெயர் வந்த வேகத்தில் வாழ்க்கையும் மாறியது. தொழிலாளியின் எலி வேட்டை நாய், பணக்காரச் சீமாட்டிகளின் மடிக்கு இடம்பெயர்ந்தது. முடி தரையைத் தொட வேண்டும், உடம்பு இன்னும் சின்னதாக வேண்டும். கண்காட்சி மேடை கேட்டது அதைத்தான். 20-ம் நூற்றாண்டில் சினிமாவும் சேர்ந்துகொண்டது. ஆட்ரி ஹெப்பர்ன் தன் யார்க்கி ‘மிஸ்டர் ஃபேமஸ்’ஸைப் போகும் இடமெல்லாம் கூட்டிப்போனார். 1957-ல் வந்த ‘ஃபன்னி ஃபேஸ்’ படத்திலும் அது தலைகாட்டியது.

போர்க்களத்தில் 1.8 கிலோ

‘அப்போ சின்ன யார்க்கி எல்லாமே நோஞ்சானா?’ என்று கேட்டால், இல்லை. ஸ்மோக்கியின் கதை அதற்கு நல்ல பதில்.

1944. இரண்டாம் உலகப் போர். நியூ கினி தீவின் காட்டில், கைவிடப்பட்ட ஒரு பதுங்குகுழிக்குள் அமெரிக்க வீரர் ஒருவர் குட்டி யார்க்கியைக் கண்டெடுத்தார். ஜப்பானியர்களுடைய நாயாக இருக்கும் என்று நினைத்தார்கள். ஆனால், ஜப்பானிய மொழியில் சொன்னாலும் அதற்குப் புரியவில்லை, ஆங்கிலத்தில் சொன்னாலும் புரியவில்லை. கடைசியில் பில் வின் என்ற வீரர் இரண்டு ஆஸ்திரேலிய பவுண்டுக்கு அதை வாங்கினார். ஸ்மோக்கியின் எடை சுமார் 1.8 கிலோ. வீரர்களுக்குக் கிடைத்த டின் சாப்பாடுதான் அதற்கும். ஹெல்மெட்டில் தண்ணீர் ஊற்றிக் குளியல். விமானத் தாக்குதல்களுக்கு நடுவே வாழ்க்கை.

பிலிப்பைன்ஸின் லிங்கயென் வளைகுடா அருகே ஒரு விமான ஓடுதளத்துக்குக் கீழே தொலைபேசிக் கேபிள் போட வேண்டியிருந்தது. குறுக்கே இருந்தது சுமார் 21 மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட குழாய். அதிலும் இணைப்புகள் வழியே மண் சரிந்து, சில இடங்களில் பாதி அடைத்திருந்தது. ஓடுதளத்தைத் தோண்டினால் நாள் கணக்கில் வேலை. அதுவரை விமானங்களும் ஆட்களும் எதிரியின் குண்டுக்கு வெட்டவெளியில் நிற்க வேண்டும். வின், ஸ்மோக்கியின் காலரில் கயிற்றைக் கட்டிவிட்டு, மறுமுனைக்குப் போய் அழைத்தார். சில நிமிடங்களில் ஸ்மோக்கி தவழ்ந்து வந்து சேர்ந்தது. கூடவே கேபிளை இழுப்பதற்கான கயிறும்.

வின்னுக்கு டெங்கு வந்து மருத்துவமனையில் படுத்தபோது, நண்பர்கள் ஸ்மோக்கியைக் கொண்டுவந்து காட்டினார்கள். செவிலியர்கள் அதை மற்ற காயம்பட்ட வீரர்களிடமும் தூக்கிப்போக ஆரம்பித்தார்கள். மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் ‘தெரபி டாக்’ என்ற வழக்கத்தின் ஆரம்பகால உதாரணமாக இன்றும் ஸ்மோக்கியைத்தான் சொல்கிறார்கள். போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1957-ல்தான் இறந்தது.

ஸ்மோக்கி தற்செயலாகச் சின்னதாகப் பிறந்த திடமான நாய். சின்னதாக மட்டுமே இருக்க வேண்டும் என்று குறிவைத்துப் பிறக்கவைக்கப்படும் நாய் வேறு. இந்த வித்தியாசத்தைத்தான் ‘டீகப்’ விளம்பரங்கள் மறைக்கின்றன.

எப்படி ‘தயாரிக்கிறார்கள்’?

யார்க்கிக்கு உச்ச எடைதான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. குறைந்தபட்சம் என்று ஒன்று எழுதப்படவில்லை. அந்த ஓட்டைக்குள்தான் வியாபாரம் நுழைகிறது. ஓர் ஈற்றில் வளர்ச்சி குன்றிப் பிறக்கும் குட்டிகளை வைத்தே அடுத்த தலைமுறையை உருவாக்குவது ஒரு வழி. சாப்பாட்டைக் குறைத்துக் கொடுத்து வளர்ச்சியைத் தடுப்பது இன்னொரு வழி. அதைவிட சிம்பிளான வழி, ஐந்து வாரக் குட்டியைக் காட்டி ‘மூணு மாசம் ஆச்சு சார்’ என்று விற்பது. வாங்கி மூன்று மாதம் கழித்து அது நார்மல் யார்க்கியாக வளர்ந்து நிற்கும். உண்மையில், ஏமாந்தவர்களில் அதிர்ஷ்டசாலி இவர்தான்!

நிஜமாகவே மிகக் குட்டியாக வருபவைக்குத்தான் சிக்கல். முதல் ஆபத்து, ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்குவது. குட்டி உடம்பில் சேமிப்பு என்று எதுவும் இருக்காது. ஒரு வேளை சாப்பிடாமல் விட்டாலோ, குளிரிலோ, புது வீட்டுக்கு வந்த பயத்திலோ குட்டி துவண்டுபோகும். தள்ளாடும், நடுங்கும், சில நேரம் வலிப்பு வரும். உடனே கொஞ்சம் தேனையோ சர்க்கரைக் கரைசலையோ ஈறில் தடவிவிட்டு, கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். அதனால்தான் யார்க்கி குட்டிகளுக்கு முதல் சில மாதங்கள் ஒரு நாளைக்கு நாலு வேளை சாப்பாடு சொல்கிறார்கள். காலையில் ஆபீஸ் போய் இரவு திரும்பும் தனி ஆளுக்கு இது சரிப்பட்டு வருமா என்பதை வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

அடுத்தது கல்லீரல். சில நாய்களுக்குப் பிறவியிலேயே ஒரு ரத்தக்குழாய், குடலிலிருந்து வரும் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுபோகாமல் சுற்றுப்பாதையில் அனுப்பிவிடும். கழிவு நீங்காத ரத்தம் மூளைக்குப் போகும். சாப்பிட்ட பிறகு குட்டி மந்தமாவது, சுவரைப் பார்த்துத் தலையை முட்டிக்கொண்டு நிற்பது, வயதுக்கேற்ற வளர்ச்சியே இல்லாதது எல்லாம் இதன் அறிகுறிகள். மற்ற இனங்களைவிட யார்க்கிகளிடம் இது பல மடங்கு அதிகம் என்பது கால்நடை மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட விஷயம். இங்கேதான் கோபம் வருகிறது. நோயால் வளராமல் போன குட்டியைத்தான் ‘டீகப்’ என்று கூடுதல் விலைக்கு விற்கும் வாய்ப்பு இருக்கிறது. நோய்க்கு நாம் ப்ரீமியம் கட்டுகிறோம்!

மூச்சுக்குழாய் இன்னொரு பலவீனம். வேக்யூம் கிளீனர் பைப் போல வளையம் வளையமாகக் குருத்தெலும்பு தாங்கிப்பிடிக்கும் குழாய் அது. யார்க்கிகளில் பலவற்றுக்கு இந்த வளையங்கள் நாளாக ஆகத் தளர்ந்து, குழாய் தட்டையாகிவிடும். வாத்து கத்துவது போன்ற ஒரு வறட்டு இருமல் வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டி இழுப்பது நிலைமையை மோசமாக்கும். யார்க்கிக்கு மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ்தான். இதில் விவாதமே இல்லை. எடை ஏறாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

முழங்கால் சில்லு விலகுவது, பால் பல் விழாமல் புதுப் பல்லோடு நெருக்கியடித்து நிற்பது எல்லாம் இந்த இனத்தில் சகஜம். சோஃபாவிலிருந்து குதித்தே முன்னங்கால் முறியும் அளவுக்கு எலும்பு மெல்லியது. ஓடிப் பிடித்துத் தூக்கும் வயதில் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இந்த நாய் வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். குழந்தைக்காகச் சொல்வதல்ல, நாய்க்காக.

குணம்: மடியில் இருந்தாலும் டெரியர்தான்

உடம்பைச் சுருக்கினார்கள், குணம் சுருங்கவில்லை. தன் எடை மூன்று கிலோ என்று யார்க்கிக்கு யாரும் சொல்லவில்லை போல. தெருவில் பெரிய நாயைப் பார்த்தால் பின்வாங்காது, நேராகப் போய் வம்பிழுக்கும். காலிங் பெல், லிஃப்ட் சத்தம், பக்கத்து ஃபிளாட் செருப்புச் சத்தம் எல்லாவற்றுக்கும் குரைக்கும். பூந்தொட்டியைத் தோண்டும். பல்லியையும் அணிலையும் விடாது. ‘சின்ன நாய், சத்தமே இருக்காது’ என்று வாங்கினால், அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் உங்கள் ஃபிளாட் நம்பர் அடிக்கடி வரும்.

நல்ல விஷயமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. கூர்மையான அறிவு, சீக்கிரம் கற்றுக்கொள்ளும். தன் ஆளோடு ஒட்டிக்கொள்ளும். ஒளித்துவைத்த பிஸ்கட்டைத் தேடுவது, பொம்மையைத் துரத்துவது போன்ற விளையாட்டுகளைக் கொடுத்தால் எலி தேடும் புத்திக்குத் தீனி கிடைத்துவிடும். நம்மில் பலர் செய்வது இதற்கு நேரெதிர். பெரிய நாய் உறுமினால் அதட்டுவோம், யார்க்கி உறுமினால் வீடியோ எடுத்து ரீல்ஸ் போடுவோம். கீழே விடாமல் தூக்கியே வைத்திருப்போம். பிறகு ‘எல்லாரையும் கடிக்க வருது’ என்று புலம்புவோம். தினமும் நடக்கவைத்து, மற்ற நாய்களையும் மனிதர்களையும் சின்ன வயதிலேயே பழக்க வேண்டும். கழிப்பறைப் பழக்கத்துக்கு மட்டும் கூடுதல் பொறுமை தேவை. சிறுநீர்ப்பையே அவ்வளவுதான்!

நம்ம ஊர் வெயிலில்...

யார்க்கிக்கு உள்ரோமம் கிடையாது. ஒற்றை அடுக்கு, மனித முடி போலவே வளர்ந்துகொண்டே போகும். முடி உதிர்வது குறைவு. அதற்காக ‘அலர்ஜியே வராது’ என்று சொல்வது தவறு. அலர்ஜி கிளப்பும் புரதங்கள் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கின்றன. முடியை நீளமாக விட்டால் தினமும் சீவ வேண்டும், இல்லையென்றால் சிக்குப்பிடித்து தோலில் புண் வரும். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் குட்டையாக வெட்டிவிடுவதே நாய்க்கும் உங்களுக்கும் நிம்மதி. ஒட்ட மொட்டையடிக்க வேண்டாம், வெயில் நேராகத் தோலில் படும். குட்டிகள் பிறக்கும்போது கறுப்பாகத்தான் இருக்கும். முதுகில் அந்த நீலச் சாம்பல் நிறம் வர இரண்டு, மூன்று வருடம்கூட ஆகும். ‘கலர் மாறுது, டூப்ளிகேட்’ என்று பயப்பட வேண்டாம்.

வாக்கிங் காலை வெயில் ஏறும் முன்பு, இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு. உங்கள் புறங்கையைத் தார்ச்சாலையில் சில விநாடி வைக்க முடியவில்லை என்றால், அதன் பாதத்தையும் வைக்க முடியாது. திரும்பி வந்ததும் காது, விரல் இடுக்கில் உண்ணி பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் இந்த அளவு உடம்பை வேகமாகச் சாய்த்துவிடும்.

சாப்பாட்டில் அளவுதான் எல்லாமே. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் எல்லா நாய்க்குமே விஷம். லாப்ரடார் தாங்கிவிடும் அளவு, இரண்டரை கிலோ யார்க்கியைக் கொல்லலாம். சாம்பார் சாதம், உலர்திராட்சை போட்ட பாயசம், பிரியாணி எலும்பு எதுவும் வேண்டாம். கொழுப்பான சாப்பாடு கணையத்தைப் பதம் பார்க்கும். காய்ச்சல் என்று நாமாக பாராசிட்டமால் உடைத்துக் கொடுப்பதும் கூடாது.

இன்னொன்று, எலி. எலியின் சிறுநீரிலிருந்து பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், நம்ம பாஷையில் எலிக்காய்ச்சல், நாயைத் தாக்கும். நாயிடமிருந்து மனிதர்களுக்கும் வரலாம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் ஊரில், எலியைக் கண்டால் விடாத இனத்தை வளர்க்கிறோம். வெறிநாய்க்கடி தடுப்பூசியைப் போலவே, லெப்டோ தடுப்பூசியும் ஆண்டுதோறும் தவறாமல் போடப்படுகிறதா என்று மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

பணம் அனுப்பும் முன்...

2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி, எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. வளர்ப்பாளர், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எனவே, பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை, யாரையும் சந்தேகப்படுவதாக அர்த்தமில்லை. வம்சாவளிச் சான்றிதழ் தரும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. ஆனால், அந்தச் சான்றிதழ் அப்பா அம்மா யார் என்று சொல்லும். குட்டி ஆரோக்கியமாக இருக்கிறதா என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும்.

வீடியோ காலில் முடிக்காமல் நேரில் போங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். அது எங்கே தூங்குகிறது, இது எத்தனையாவது ஈற்று, முந்தைய குட்டிகள் இப்போது எப்படி இருக்கின்றன என்று கேளுங்கள். உச்சந்தலையைத் தடவிப் பாருங்கள். மண்டையோடு சேராமல் மெத்தென்று பள்ளமாக இருந்தால், மருத்துவர் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். யார்க்கியின் ஆயுள் 12 முதல் 15 வருடம். இன்று 25 வயதில் வாங்கினால், உங்கள் கல்யாணம், வேலை மாற்றம், வீடு மாற்றம் எல்லாவற்றிலும் அது கூடவே வரும். 2.5 முதல் 3 கிலோ வரை வளரும், துறுதுறுவென்று ஓடி வந்து உங்கள் ஷூ லேஸைக் கடித்து இழுக்கும் குட்டியைத் தேர்ந்தெடுங்கள். ‘அது நார்மல் சைஸ் சார், டீகப் வேணும்னா ரேட் டபுள்’ என்று சொன்னால், அந்த இடத்திலிருந்து குட்டியே வாங்க வேண்டாம்.